‘நல்லா பாத்துக்கிட்டாங்க’ என்று மட்டும் எழுதாதீர்கள்

பெரியாஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வந்ததும் நம் ஊர்க்காரர்கள் சிஸ்டருக்கு நன்றி சொல்லும் முறை பெரும்பாலும் ஒன்றுதான். கையெடுத்து ஒரு கும்பிடு, ஒரு ஸ்வீட் பாக்ஸ். சிலர் மடித்த ஐநூறு ரூபாயைக் கையில் திணிக்கப் பார்ப்பார்கள். பணத்தை அவர் வாங்கக் கூடாது, சங்கடம்தான் மிச்சம். ஸ்வீட் அடுத்த ஷிஃப்ட் வருவதற்குள் தீர்ந்துவிடும். ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தால் அது தங்கும். ஆனால் அதில் ‘நல்லா பாத்துக்கிட்டாங்க’ என்று மட்டும் இருந்தால் படிக்கிற செவிலியர் கண்காணிப்பாளருக்குத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. என்ன செய்தார் என்று எழுத வேண்டும். அதற்கு, அவர் செய்துகொண்டிருக்கும்போதே அது எதற்கென்று நமக்குப் புரிந்திருக்க வேண்டும்.

உசிலம்பட்டிப் பக்கமிருந்து பக்கவாதம் வந்து சேர்ந்த ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். வலது கை காலில் அசைவில்லை. இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று சிஸ்டர் வந்து அவரைத் திருப்பிப் போடுகிறார். கூட இருக்கிற மகள், “இப்பத்தான் கண்ணசந்தாரு, விடுங்க சிஸ்டர்” என்கிறார். அந்தத் தொந்தரவுதான் அன்றிரவு அவருக்குக் கிடைத்த பெரிய வைத்தியம். அசைய முடிகிறவர் தூக்கத்திலேயே புரண்டுகொள்வார். முடியாதவருக்கு எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி, ரத்த ஓட்டம் தடைபட்டு, படுக்கைப்புண் தொடங்கும். வால் எலும்பு, இடுப்பின் பக்க எலும்பு, குதிகால், பின்மண்டை, காது மடல் எல்லாமே அதற்கு வாகான இடங்கள். இரண்டு மணி நேரக் கணக்கு அதற்காகத்தான்.

திருப்புவதிலும் பக்குவம் உண்டு. முழுக்கப் பக்கவாட்டில் சாய்த்தால் மொத்தப் பாரமும் இடுப்பு எலும்பில் இறங்கும். அதனால் முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வில் நிறுத்துவார். கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொரு தலையணை. குதிகால் மெத்தையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். மேலே நகர்த்த வேண்டுமானால் அக்குளில் கைகொடுத்து இழுக்க மாட்டார். இழுத்தால் தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே எலும்பு நகர்ந்து, நடுவிலுள்ள சிறு ரத்தக்குழாய்கள் சேதமாகும். முதுகுக்கடியில் குறுக்கே போட்ட விரிப்பை ஆளுக்கொரு பக்கம் சுருட்டிப் பிடித்துத் தூக்கி வைப்பதே சரி. இரவில் அந்த இரண்டாவது ஆள் கிடைப்பது கஷ்டம். நீங்கள் எழுந்து மறுமுனையைப் பிடித்தால் அதுவே பெரிய உதவி.

போர்த்திவிட்டுப் போகும் முன் சிஸ்டரின் கையைக் கவனியுங்கள். வால் எலும்பு மேல் புறங்கையை ஒரு நிமிடம் வைத்துப் பார்ப்பார். வெளுத்த தோலில் சிவப்பு கண்ணுக்குத் தெரியும். நம் நிறத்தில் சட்டென்று தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் புண் உள்ளே தொடங்கிவிட்டதென்று அந்தக் கை சொல்லிவிடும். எண்ணெய் போட்டுத் தேய்க்கலாமே என்று சொந்தக்காரர் யாராவது யோசனை சொல்வார்கள். தேய்த்தால் நசுங்கிய சதை இன்னும் கெடும். பவுடரை அள்ளிக் கொட்டுவதும் வேண்டாம். சித்திரை வெயிலில் ரெக்சின் மெத்தையில் ஊறும் வியர்வையோடு சேர்ந்து உருண்டைகட்டி, மணல் மாதிரி உரசும். பத்து நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தவர் புண்ணில்லாமல் வீடு திரும்பினால், அத்தனை ராத்திரியும் யாரோ விழித்திருந்தார்கள் என்று அர்த்தம்.

மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி கொடுக்கும்போதும் இதே அக்கறை தெரியும். தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்துவார். குழாய் வயிற்றில்தான் இருக்கிறதா என்று சிரிஞ்சால் லேசாக உறிஞ்சிப் பார்ப்பார். 200 மில்லியைத் தள்ளாமல் தானாக இறங்க விடுவார். 30 மில்லி தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவுவார். அரை மணி நேரமாவது படுக்கையைத் தாழ்த்த விடமாட்டார். படுத்த வாக்கிலேயே ஊற்றினால் கஞ்சி நுரையீரலுக்குப் போய்விடலாம்.

மேலூர், அலங்காநல்லூர் பக்கத்து வயல்காட்டு வீடுகளில் தரையில் படுத்திருந்து கட்டுவிரியன் கடித்து வருகிறவர்கள் உண்டு. வீக்கம் இருக்காது, பல சமயம் கடித்த தடமே தெரியாது. “அண்ணே, மூச்சை இழுத்துக்கிட்டு ஒண்ணு ரெண்டு சொல்லுங்க” என்று சிஸ்டர் திரும்பத் திரும்ப வந்து எண்ணச் சொல்வார். பேச்சுத்துணைக்குக் கேட்கிறார் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே மூச்சில் முப்பது வரை எண்ணியவர் அடுத்த தடவை பதினெட்டில் நின்றால் மூச்சுத் தசைகள் தளர ஆரம்பித்துவிட்டன. விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் குறைவதைக் காட்டுவது அதற்கப்புறம்தான். கருவிக்கு முன்னால் அவர் கண்டுபிடித்து டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது, நீங்கள் மெடிக்கலில் வாங்கிவந்த இன்சுலின் சிரிஞ்சை எடுத்து மூடியின் நிறத்தைப் பார்க்கிற சிஸ்டரை மறக்காதீர்கள். சிவப்பு மூடி, மில்லிக்கு 40 யூனிட் மருந்துக்கு. ஆரஞ்சு மூடி, 100 யூனிட் மருந்துக்கு. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை ஏற்றினால் உடம்புக்குள் போவது 8 யூனிட்தான், சர்க்கரை இறங்காது. மாற்றி, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை ஏற்றினால் 50 யூனிட் போய்விடும், உயிருக்கே ஆபத்து. பார்க்க அரை நிமிடம் ஆகாது. கூட்டம் நெருக்குகிற வார்டில் அந்த அரை நிமிடத்தை ஒதுக்குகிறவர்தான் அக்கறையுள்ள சிஸ்டர்.

நினைவில்லாதவரிடமும் “ஐயா, ஊசி போடப் போறேன்” என்று சொல்லிவிட்டுத் தொடுவது, பெட்பேன் வைக்கும் முன் ஸ்கிரீனை இழுப்பது, இவையும் எழுதத் தகுந்தவையே.

இனி கடிதம். நோயாளி பெயர், ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்), வார்டு எண், தேதி, எந்த ஷிஃப்ட், சிஸ்டரின் பெயர் இவ்வளவும் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள், அதனால் தேதியும் ஷிஃப்டும் முக்கியம். பெயரை அன்றன்றைக்கே குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் அன்று பகல் சிஸ்டர்தான் எதிரில் இருப்பார். இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் திருப்பிப் போட்டவர் பெயர் விட்டுப்போகும். ஆனால் அவர் டிராலியில் மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது பெயர் கேட்டு நிற்காதீர்கள். கவனம் சிதறினால் மருந்து மாறும்.

இரண்டு மூன்று செயல் போதும். “இரவு ஷிஃப்டில் எட்டு நாளும் இரண்டு மணிக்கொரு தடவை அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்தார், ஒரு இடத்திலும் புண் இல்லை” என்ற ஒரு வரிக்கு ‘தாயினும் மேலாக’ என்ற பத்து வரி ஈடாகாது. மற்ற சிஸ்டர்களைக் குறை சொல்லி இவரை உயர்த்தாதீர்கள். நாளைக்கும் அவர்களோடுதான் இவர் வேலை பார்க்க வேண்டும். வார்டுக்குள் செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதும் கூடாது, பக்கத்துக் கட்டில்காரர் படத்தில் விழுவார். செவிலியர் கண்காணிப்பாளருக்கு ஒன்று, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீனுக்கு ஒன்று.

மத்திய அரசின் தேசிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் விருது 1973-இல் ஏற்படுத்தப்பட்டது. நைட்டிங்கேல் பிறந்த மே 12 உலக செவிலியர் தினம். விருதுக்குப் பரிந்துரைப்பது மேலே இருப்பவர்கள் வேலை. ராத்திரி இரண்டு மணிக்குக் கட்டிலருகே நடந்ததற்கு நோயாளியையும் கூட இருந்தவரையும் விட்டால் வேறு சாட்சி இல்லை.

கடிதத்தின் ஒரு நகலை அந்த சிஸ்டர் கையிலேயே கொடுங்கள். அவருக்கு இரவு டூட்டி என்றால் இரவில் வந்து கொடுங்கள்.