பாலாற்றில் மேல்நோக்கி

வாணியம்பாடியிலிருந்து அம்பலூர், திம்மாம்பேட்டை வழியாகப் புல்லூர் போகும் சாலையில் பைக்கில் போனால் பாலாறு கூடவே வரும். ஆறு என்றால் தண்ணீர் இல்லை, மணலும் சீமைக்கருவேலமும்தான். நந்திமலைப் பக்கம் பிறந்து கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 ஓடி வயலூர் அருகே கடலில் சேரும் ஆறு இது. அந்த 33 கிலோமீட்டரைப் பார்க்கத்தான் கிளம்பினேன்.

புல்லூரைத் தாண்டினால் எல்லையில் கனகநாச்சியம்மன் கோயில், அதை ஒட்டி ஆந்திரத்தின் தடுப்பணை. 2016இல் அதன் உயரத்தை 5 அடியிலிருந்து 12 அடியாக ஏற்றினார்கள். கோயிலுக்கு வந்திருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "அஞ்சடியா இருந்தப்ப சின்ன மழைக்கே தாண்டி வந்துடும் சார். இப்ப அது ரொம்பி வழிஞ்சாத்தான் நமக்கு" என்றார்.

விஷயமே அந்தச் 'சின்ன மழை'தான். ஆந்திரத்தின் குப்பம் பக்கம் இப்படி இருபதுக்கும் மேற்பட்ட தடுப்பணைகள் இருக்கின்றன. பெருவெள்ளத்தை இவை நிறுத்துவதில்லை. 2021 நவம்பரில் எல்லாவற்றையும் தாண்டி இரு கரையும் தொட்டு வந்த வெள்ளம், பெரும்பகுதி கடலுக்குத்தான் போனது. நமக்கு வேண்டியது வருஷத்தில் ஒன்றிரண்டு தடவை முழங்கால் அளவுக்கு வரும் நீர். அது மெதுவாக ஓடி மணலில் இறங்கினால்தான் ஆம்பூர், வேலூர் வரை கிணறுகளில் ஊற்று எடுக்கும். அது இப்போது மேலேயே தங்கிவிடுகிறது. குப்பத்து விவசாயியையும் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் ஊரும் வறண்ட ஊர்தான், அவர் கிணற்றிலும் நீர் ஊற வேண்டுமே.

அங்கிருந்து கோலார் தங்கவயல் பக்கம் பேத்தமங்கலா ஏரிக்குப் போனேன். பாலாற்று நீர் முதலில் நிற்கும் பெரிய ஏரிகளில் ஒன்று. தங்கச் சுரங்க ஊருக்குக் குடிநீர் போனதும் இங்கிருந்துதான். கரை நல்ல அகலம், மாலையில் நடக்க அருமையான இடம்.

சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் 1892இல் போட்ட ஒப்பந்தத்தில் பாலாறும் உண்டு. சென்னையின் சம்மதம் இல்லாமல் மைசூர் புதிய தேக்கம் கட்டக்கூடாது என்பது அதன் சாரம். அன்று குப்பம் சென்னை மாகாணத்துக்குள் இருந்தது. நான் பார்க்கப்போன 33 கிலோமீட்டருக்கு அன்று தனி மாநில எல்லை கிடையாது. இன்று அந்த ஒப்பந்தம் ஆந்திரத்தையும் கட்டுப்படுத்தும் என்கிறது தமிழ்நாடு. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

ஆனால் திரும்பும் வழியில் வாணியம்பாடி தாண்டியதும் இன்னொரு கணக்கு இருக்கிறது. மணலை அள்ளிய பள்ளங்கள், தோல் கழிவு கலந்த கரைகள். இதற்கு ஆந்திரம் பொறுப்பில்லை. நாளைக்கே வழக்கில் ஜெயித்து மேலிருந்து நீர் வந்தாலும், அதைப் பிடித்து வைக்கப் பல இடங்களில் மணல் இல்லை. அந்த வேலையையாவது தீர்ப்புக்குக் காத்திராமல் தொடங்கலாம்.