காலி டப்பாவும் கால் இஞ்சும்

திட்டம் ரொம்பச் சின்னது. கம்ப்யூட்டர் கேபினட்டின் மேல்தகட்டை வெட்டி, கம்ப்யூட்டரின் சூட்டைத் தணிக்கும் 240 மி.மீ. ரேடியேட்டர் ஒன்றை உள்ளே உட்கார வைக்க வேண்டும். வெட்டிய இரும்பை எந்தக் கண்ட்ரோல் இஸட்டும் திருப்பித் தராது என்பதால், முதலில் முழுக் கேபினட்டையும் ஃபியூஷன் என்ற வரைபட மென்பொருளில் துல்லியமாக வரைந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் நீள அகலத்தை நம்பி வரைய முடியாது. கால் ரப்பர், பின்னால் துருத்தும் திருகு, முன்பக்கப் பிளாஸ்டிக் எல்லாம் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். நமக்கு வேண்டியது உள்ளே இருக்கும் தகரக் கூட்டின் அளவு. ஆக எல்லாவற்றையும் கழற்றி ஹாலில் பரப்பினேன். "கை நிறையச் சம்பளம் வாங்கற பையன், ஞாயித்துக்கிழமை காலி டப்பாவை அளந்துட்டு உட்கார்ந்திருக்கான்" என்று அம்மா போனில் சித்தியிடம் சொன்னது பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

இந்த வேலையில் உயிரை எடுப்பது தகட்டின் கனம்தான். கனம் அளக்கும் வெர்னியர் காலிப்பர் 0.94 மி.மீ. என்றது. மதர்போர்டு தட்டுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில் பெயின்டைச் சுரண்டிவிட்டு வைத்தால் 0.8. ஓரத்தை மடித்துவிட்ட இடத்தில் அது இரண்டு மடங்காகிறது, மடிப்பின் வளைவு வேறு. இதை விட்டுவிட்டு வரைந்தால், திரையில் சொகுசாக உட்காரும் ரேடியேட்டர் நிஜத்தில் மடிப்பில் போய் முட்டி நிற்கும். மேலே இருக்கும் காற்றுத் துளைகளை ஒவ்வொன்றாக அளக்க எனக்குப் பொறுமை இல்லை. சின்ன வயதில் நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதேபோலத் தேய்த்து, அந்தத் தாளை ஸ்டீல் ஸ்கேலோடு ஸ்கேனரில் போட்டு எடுத்துக்கொண்டேன். போனில் படம் எடுத்தால் கோணம் சாயும், ஓரமும் வளையும்.

அப்புறம்தான் அப்பா வந்தார். கோயம்புத்தூரில் மில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திரையில் 158.75, 44.45, 20.32 என்று ஓடுவதைப் பார்த்துவிட்டு, "எதுக்குடா இத்தனை புள்ளி?" என்றார். பழைய ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, பின்பக்கத்தில் யூஎஸ்பி, ஆடியோ எல்லாம் எட்டிப் பார்க்கும் அந்தச் செவ்வகத்தில் வைத்தார். "ஆறே கால், ஒண்ணே முக்கால். இதுக்குப் போயி பேட்டரி போட்ட வெர்னியரா?"

என்ன சொல்வது, சரியாகத்தான் இருந்தது. மதர்போர்டுக்கும் கேபினட்டுக்கும் பொதுவாக 1995-ல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் அளவுகள் இன்னமும் உள்ளுக்குள் இஞ்சுதான்; கிராபிக்ஸ் கார்டு சொருகும் இரண்டு ஸ்லாட்டுகளுக்கு நடுவே 0.8 இஞ்ச். ரிவெட்டைப் பார்த்ததும் அப்பா அளக்கக்கூட இல்லை, "ஒரு நூலு" என்றார். எட்டில் ஒரு பங்கு இஞ்ச், அதாவது 3.175. நான் போட்டு வைத்திருந்தது 3.2. விசிறியில் மட்டும் அவருக்கு இடித்தது. 120 மி.மீ. விசிறியின் திருகுத் துளைகளுக்கு இடையே சுத்தமாக 105 மி.மீ., அவர் கணக்கில் நாலு இஞ்சும் ஒரு நூலும், அதாவது 104.775. விசிறி செய்தவன்தான் தப்பு என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

புது மேல்தகட்டுக்கான டிஎக்ஸ்எஃப் என்ற வரைபட ஃபைலை எடுத்துக்கொண்டு லேசர் கட்டிங் பட்டறைக்குப் போனோம். அப்பாவும் வந்தார், கூப்பிடவில்லை. அந்த ஃபைலில் 450 என்றிருந்தால், அது மில்லிமீட்டரா இஞ்சா என்று திறக்கும் மென்பொருள் தானாக ஒரு முடிவுக்கு வந்துவிடும். பட்டறைக்காரர் திரையைப் பார்த்தார், கேபினட்டைப் பார்த்தார். "ஏனுங் தம்பி, முப்பத்தேழரை அடி காட்டுதுங்களே, ஷெட்டுக்குக் கூரைங்களா?" மில்லிமீட்டர் என்று மாற்ற ஒரு நொடி. அதற்குள் அப்பாவும் அவரும் நாற்காலி போட்டு, இந்தக் காலத்துப் பசங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்து, டீயும் சொல்லிவிட்டார்கள்.

தகடு கச்சிதமாகப் பொருந்தியது; ரேடியேட்டர் மடிப்புக்கு 2 மி.மீ. தள்ளி நின்றது. அப்பா ஓரத்தை விரலால் தடவி, "பிசிறு இருக்கு, அரம் போடு" என்றார். பாராட்டு அவ்வளவுதான். மறுநாள் காலையில் கீபோர்டு மேல் ஒரு காலண்டர் தாள் கிடந்தது. கிணற்று மோட்டாருக்கு மூடி வேண்டுமாம், அதையும் கம்ப்யூட்டரில் போட்டு வெட்டித் தர வேண்டுமாம். அகலம், பதினொண்ணும் மூணு நூலும். நான் 288.925 என்று அடித்தேன்.