முப்பதைத் தாண்டி கணக்கு படிப்பவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்கலாம்

"எனக்குச் சின்ன வயசுலேருந்தே கணக்கு வராது" என்று சொல்பவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டினால் எவ்வளவு? பாதிப் பேர் ஏழில் இரண்டு என்பார்கள். மேலே இருக்கும் ஒன்றும் ஒன்றும் சேர்ந்து இரண்டு, கீழே மூன்றும் நான்கும் சேர்ந்து ஏழு. சரியான விடை பன்னிரண்டில் ஏழு. இந்த ஒரு பதிலை வைத்தே, அவர் பள்ளியில் எந்த இடத்தில் கையை விட்டார் என்று சொல்லிவிடலாம். பத்தாம் வகுப்பு அல்ஜீப்ராவெல்லாம் காரணமே இல்லை. ஆறாம் வகுப்புப் பின்னத்தில் விட்டது, அதற்குமேல் வந்த எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

நான் படித்தது பி.ஏ. வரலாறு. பத்தாம் வகுப்புக்குப் பிறகு கணக்குப் புத்தகத்தைத் தொட்டதில்லை. ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை. கூட்டல் கழித்தலைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும். முப்பதைத் தாண்டிய பிறகு அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுதலாம் என்று இறங்கினேன், அதற்குப் பின் தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. சமூகவியல். முதலாவதற்கு எண்கணிதம் தேவைப்பட்டது, இரண்டாவதற்குப் புள்ளியியல். இப்போது எங்கள் ஊர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்க வருகிறவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுகிறேன். பெரும்பாலும் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் பெண்கள், ஷிப்ட் முடிந்து வரும் ஆண்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

குரூப் 4-இல் மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 25 கேள்வி திறனறிவு, அதாவது 37.5 மதிப்பெண். தரம் பத்தாம் வகுப்புத் தரம்தான். சுருக்குதல், விழுக்காடு, மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு, விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பு, கன அளவு, காலமும் வேலையும், இவற்றோடு புதிர், பகடை, எண் வரிசை. தமிழிலும் பொது அறிவிலும் எவ்வளவு படித்தாலும் தெரியாத கேள்வி ஒன்று வந்தே தீரும். இந்த 25-இல் அந்தச் சிக்கல் குறைவு, எல்லை போட்ட பாடம். ஆனாலும் பலர் "25 தானே, விட்டுடலாம்" என்று தள்ளிவிடுகிறார்கள். கட் ஆஃப் ஒன்றரை மதிப்பெண்ணில் போகும் தேர்வில் 37.5-ஐ விட்டுக்கொடுப்பது எனக்குப் புரிவதே இல்லை.

விடாதவர்கள் அடுத்துப் போய் விழுவது ஷார்ட்கட் வீடியோக்களில். ஷார்ட்கட் தப்பு என்று சொல்லவில்லை, நானும் தேர்வில் பயன்படுத்தியிருக்கிறேன். ஆனால் அடிப்படை இல்லாதவர் கையில் அது எப்படி ஆகிறது என்று பாருங்கள். ஒரு தையல் ஆர்டரை அக்கா தனியாகத் தைத்தால் 12 நாள், தங்கை தனியாகத் தைத்தால் 6 நாள். சேர்ந்து தைத்தால்? ஷார்ட்கட்: இரண்டையும் பெருக்கு, இரண்டின் கூட்டுத்தொகையால் வகு. 72-ஐ 18-ஆல் வகுத்தால் 4 நாள். சரி. இப்போது கேள்வியைக் கொஞ்சம் திருப்புவோம். இருவரும் 2 நாள் சேர்ந்து தைத்த பிறகு தங்கை ஊருக்குப் போய்விட்டாள். மீதியை முடிக்க அக்காவுக்கு எத்தனை நாள்? ஷார்ட்கட்டை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இங்கே பேனா நின்றுவிடும். பின்னம் தெரிந்தவருக்கு இது இரண்டு வரி. அக்கா ஒரு நாளில் முடிப்பது வேலையில் 1/12, தங்கை 1/6, சேர்ந்து 1/4. இரண்டு நாளில் பாதி முடிந்தது. மீதிப் பாதியை, நாளுக்கு 1/12 வீதம் தைக்கும் அக்கா 6 நாளில் முடிப்பாள். டி.என்.பி.எஸ்.சி. இப்படித் திருப்பியும் கேட்கும்.

அதனால் ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குங்கள். வெட்கமாக இருக்கும். நூலகத்தில் ஒருவர் ஆறாம் வகுப்புப் புத்தகத்துக்குத் தினத்தந்தியால் அட்டை போட்டுப் படித்தார். அட்டை போட்டாவது படித்தாரே என்று எனக்குச் சந்தோஷம். தமிழ்நாடு பாடநூல் கழகப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவத்தில் பின்னங்கள், ஏழாம் வகுப்பு மூன்றாம் பருவத்தில் விழுக்காடும் தனிவட்டியும், எட்டாம் வகுப்பில் வாழ்வியல் கணிதம். இந்த மூன்று பாடங்களையும் எடுத்துக்காட்டு, பயிற்சி எதையும் விடாமல் போட்டு முடித்தால் திறனறிவில் ஒரு நல்ல பகுதி கைக்கு வந்துவிடும். எட்டாம் வகுப்பின் அந்த ஒரு பாடத்திலேயே லாப நஷ்டம், தள்ளுபடி, ஜி.எஸ்.டி., கூட்டுவட்டி, காலமும் வேலையும் எல்லாம் இருக்கின்றன. பின்னத்தை முடிக்காமல் அதைத் திறக்காதீர்கள், அவ்வளவுதான் என் நிபந்தனை. போனில் இருக்கும் கால்குலேட்டரையும் தொடக்கூடாது, தேர்வில் அது கிடையாது. 20 வரை வாய்ப்பாடு, 25 வரை வர்க்கம் நாவில் இருக்க வேண்டும். பெருக்கத்துக்கே தடுமாறினால் கணக்கின் போக்கு மறந்துபோகும்.

விழுக்காட்டைப் பின்னமாகவே பாருங்கள். 12.5 சதவீதம் என்றால் எட்டில் ஒன்று. 800-க்கு 12.5 சதவீதம் எவ்வளவு என்று கேட்டால் பெருக்க உட்காராமல் 100 என்று சொல்லலாம். 33⅓ மூன்றில் ஒன்று, 16⅔ ஆறில் ஒன்று. இப்படி ஒரு பத்துப் பன்னிரண்டு தெரிந்தால் போதும். பள்ளிக்கே போகாத காய்கறிக்காரப் பாட்டி, கால் கிலோ 30 ரூபாய் என்றால் முக்கால் கிலோ 90 என்று யோசிக்காமல் சொல்வதும் இதே வித்தைதான்.

ஜவுளிக் கடையில் ஆடி மாதம் வந்தால் "50 + 20 சதவீதம் தள்ளுபடி" என்று போர்டு வைப்போம். வாடிக்கையாளர்கள் 70 சதவீதம் என்று நினைத்துக்கொண்டு வந்து கவுன்டரில் சண்டை போடுவார்கள். 1,000 ரூபாய்ச் சேலை முதலில் 500 ஆகும். அடுத்த 20 சதவீதம் அந்த 500-க்குத்தான், அதில் 100 போகும். கொடுக்க வேண்டியது 400, தள்ளுபடி 60 சதவீதம். எதற்கு எத்தனை சதவீதம் என்ற கேள்வியைக் கேட்டுப் பழகினால் விழுக்காட்டுப் பாடத்தில் பாதி முடிந்தது. தேர்வில் "20 சதவீதம் ஏறி, பிறகு 20 சதவீதம் இறங்கியது" என்று வருவதும் இதன் வேறு வேஷம்தான், அதில் கடைசியில் 4 சதவீதம் நஷ்டம்.

வட்டிக்கு வருவோம். ஊரில் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி என்றால் மாதத்துக்கு இரண்டு, ஆக வருடத்துக்கு 24 சதவீதம். இதைப் பெரும்பாலானவர்கள் சட்டென்று சொல்லிவிடுவார்கள், தனிவட்டிச் சூத்திரத்தைக் கேட்டால்தான் முழிப்பார்கள். அசல், காலம், வட்டி வீதம் மூன்றையும் பெருக்கி நூற்றால் வகுப்பது, இவர்கள் மனசுக்குள் போடும் அதே கணக்குதான் என்று காட்டினால் முகம் மலரும். தேர்வுக்கு வெளியேயும் இது உதவும். 'பிளாட் 12 சதவீதம்' என்று ஒரு லட்சம் கடன் கொடுத்து, 12,000 வட்டியைச் சேர்த்து 12 மாதத் தவணையாகப் பிரித்தால் மாதம் 9,333 ரூபாய். ஆனால் முழு லட்சமும் வருடம் பூராவும் உங்கள் கையில் இருப்பதில்லை. மாதாமாதம் அசல் குறைகிறது, சராசரியாகப் பார்த்தால் 54,000-த்துச் சொச்சம்தான் உங்களிடம் இருக்கிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கும் மேல். எங்கள் குழுவில் இந்தக் கணக்கைப் போட்ட அன்று பாடம் நடக்கவில்லை, எல்லாரும் தங்கள் தவணை அட்டையைத் தேடி எடுத்துக் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டார்கள்.

இனி புள்ளியியல். பட்டப்படிப்பிலோ ஆய்விலோ இதைச் சந்திப்பவர்கள் சூத்திரத்தைப் பார்த்ததும் பயந்துவிடுகிறார்கள். வீட்டு மின் கட்டண அட்டையை எடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால் வருடத்துக்கு ஆறு எண் கிடைக்கும். ஒரு வீட்டில் யூனிட்டுகள் இப்படி: 240, 260, 300, 320, 340, 580. கடைசி எண் கோடையில் ஏ.சி. ஓடிய மாதங்கள். கூட்டி ஆறால் வகுத்தால் சராசரி 340. வரிசையில் நடுவில் இருக்கும் 300-க்கும் 320-க்கும் இடைப்பட்டது 310, அதுதான் இடைநிலை அளவு. ஒரே ஒரு ஏ.சி. சராசரியை மேலே தூக்கிவிட்டது, இடைநிலை அளவு அதைக் கண்டுகொள்ளவில்லை. சம்பளம், நில விலை, மருத்துவச் செலவு என்று எங்கே ஒன்றிரண்டு எண் மட்டும் எகிறி நிற்கிறதோ அங்கே இடைநிலை அளவைக் கேளுங்கள். செய்தித்தாளில் 'சராசரி வருமானம்' என்று படிக்கும்போது எனக்கு இப்போது இந்த ஏ.சி.தான் ஞாபகம் வருகிறது.

எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தில் தடுமாறுகிறவர்கள் அதிகம். மூன்று மதிப்பெண்களை மட்டும் வைத்துக் கையால் போட்டுப் பாருங்கள். ஒருத்தி 40, 50, 60. இன்னொருத்தி 10, 50, 90. இருவருக்கும் சராசரி 50. முதலாமவளுக்குச் சராசரியிலிருந்து விலகல் கழித்தல் 10, 0, 10. வர்க்கம் எடுத்தால் 100, 0, 100. கூட்டி மூன்றால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 8.16. இரண்டாமவளுக்கு அதே வழியில் 32.66. ஏன் வர்க்கம் எடுக்கிறோம் என்று கேட்டால், எடுக்காமல் அப்படியே கூட்டிப் பாருங்கள், எப்போதும் பூஜ்யம்தான் வரும்.

ஆய்வேடு எழுதுகிறவர்கள் எக்செலில் இதே 40, 50, 60-ஐப் போட்டு 'எஸ்.டி.டெவ்.எஸ்' (STDEV.S) என்ற திட்ட விலக்கக் கட்டளையைக் கொடுத்தால் 10 என்று காட்டும். புத்தகம் 8.16 என்கிறதே என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். பத்தாம் வகுப்புப் புத்தகம் எண்ணிக்கையால் வகுக்கிறது, அந்தக் கட்டளை எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து இரண்டால் வகுக்கிறது. பெரிய கூட்டத்திலிருந்து சிலரை மட்டும் எடுத்து ஆராய்ந்தால் அதுதான் முறை. கையில் இருப்பவர்களே முழுக் கூட்டம் என்றால் 'எஸ்.டி.டெவ்.பி' (STDEV.P), அது 8.16 காட்டும். எதைப் பயன்படுத்தினீர்கள் என்பதை ஆய்வேட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள், வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்பார்கள்.