இரவு வார்டில் சிப்-8

ஜூலை 8
அப்பாவின் ரிப்போர்ட் நாளைக்குத்தானாம்.

ஜூலை 9
நாளை மறுநாளாம். பகலில் அக்கா, இரவில் நான். தூக்கம் வராததால் சிப்-8 எமுலேட்டரை எழுதத் தொடங்கிவிட்டேன்: சிப்-8 என்ற எளிய நிரல் மொழியில் எழுதிய பழைய விளையாட்டுகளை இன்றைய கணினியில் ஓடவைக்கும் நிரல். 4096 பைட் மெமரி, 16 ரெஜிஸ்டர் (ஒரு எண்ணை வைத்துக்கொள்ளும் சின்ன இடம்), 64-க்கு 32 புள்ளி திரை, அவ்வளவுதான். அமெரிக்க நிறுவனமான ஆர்சிஏவின் காஸ்மாக் விஐபி கணினிக்காக ஜோசப் வைஸ்பெக்கர் 1970-களில் உருவாக்கியது. அந்தக் கணினியில், கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் இன்டர்ப்ரெட்டர் முதல் 512 பைட்டைப் பிடித்துக்கொண்டது. இன்றைக்கும் அநேகமாக எல்லா ரோமும் (விளையாட்டுக் கோப்பு) 512-ஆம் முகவரியில்தான் தொடங்குகின்றன. அந்த 512-இல் எழுத்துருவுக்கு 80 பைட் போக, மீதியைக் காலியாகவே விட்டிருக்கிறேன். அது வைஸ்பெக்கரின் இடம்.

ஜூலை 10
அப்பா அரை டம்ளர் கஞ்சி குடித்தார்!

ஜூலை 11
காலையில் வந்த டாக்டர் ஒன்று சொல்கிறார், மாலையில் வந்தவர் வேறு சொல்கிறார். யாரை நம்புவது?

8எக்ஸ்ஒய்6 கட்டளையும் இப்படித்தான் படுத்துகிறது. விஐபியில் அது விஒய் என்ற ரெஜிஸ்டரின் மதிப்பை ஒரு பிட் வலப்பக்கம் நகர்த்தி விஎக்ஸ் என்ற ரெஜிஸ்டரில் போடும். பிறகு எச்பி-48 கால்குலேட்டருக்கு வந்த சூப்பர்-சிப் என்ற சிப்-8 வடிவத்தில் விஒய்க்கு வேலையே இல்லை, விஎக்ஸையே நகர்த்திவிடும். இரண்டையும் நம்பி எழுதிய விளையாட்டுகள் இருக்கின்றன. ரோம் தன்னை எந்த வடிவத்துக்காக எழுதினார்கள் என்று சொல்லாது. அதனால் இரண்டு நடத்தையையும் வைத்து, தேர்வை விளையாடுபவரிடம் விட்டேன்.

ஜூலை 12
ஒன்றும் செய்யவில்லை. பில் கவுண்டரிலேயே பகல் போயிற்று. கோபம் அடங்கவில்லை.

ஜூலை 13
பந்து ஓடுகிறது! பார்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்ப்ரைட்டை (திரையில் வரும் சின்னப் படம்) எக்ஸார் முறையில், அதாவது எரிகிற புள்ளியை அணைத்தும் அணைந்ததை எரியவைத்தும், வரைகிறார்கள். அதே இடத்தில் மறுபடி வரைந்தால் அழிந்துவிடும். எரிகிற புள்ளி ஒன்று அணைந்தால் விஎஃப் என்ற ரெஜிஸ்டர் 1 ஆகும், மட்டையில் பந்து பட்டதை நிரல் அப்படித்தான் அறிகிறது. வரைவது, அழிப்பது, மோதல் பார்ப்பது, மூன்றும் ஒரே கட்டளையில். எவ்வளவு அழகான சிக்கனம்!

அழித்து வரைவதால் படம் மினுக்குகிறது. சிலர் முந்தைய ஃப்ரேமைக் கலந்து மினுக்கலை மறைக்கிறார்கள். நான் மாட்டேன். அந்தக் காலத்துத் திரையில் அது இருந்தது, இங்கேயும் இருக்கட்டும்.

ஜூலை 14
ரிப்போர்ட் வந்துவிட்டது. ஐந்து மணிக்கு டாக்டர் வரச் சொல்லியிருக்கிறார். அக்கா கவரைப் பிரிக்க விடவில்லை.

எஃப்எக்ஸ்0ஏ என்ற கட்டளை பாக்கி. விசை அழுத்தும்வரை நிரல் நிற்க வேண்டும், ஆனால் இரண்டு டைமரும் நொடிக்கு 60 முறை குறைந்துகொண்டே போக வேண்டும். விஐபியில் அழுத்தினால் மட்டும் போதாது, விசையை விட்ட பிறகுதான் நகரும். இப்போது மணி நாலே கால். அந்தப் பகுதியை மட்டும் முடித்துவிடலாம்.