சித்தப்பாவின் திராவகமும் சீர்வரிசைச் சிட்டையும்

மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற என் சித்தப்பா, பழைய வெள்ளியைத் திராவகத்தில் கரைத்துச் சுத்த வெள்ளியாக மீட்பதைப் பொழுதுபோக்காக மேற்கொண்டபோது, கானாடுகாத்தான் வீட்டில் யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. சீட்டாட்டத்தைவிட இது மேல் என்பதே பொதுவான கருத்து. அப்பத்தா மட்டும் இரண்டு நிபந்தனைகள் விதித்தார். முற்றத்தைச் சுற்றிய வளவில் தளமாகப் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லில் ஒரு சொட்டும் விழக்கூடாது. கொடுத்த எடை குறையாமல் திரும்பி வர வேண்டும். முதல் நிபந்தனை நியாயமானது. ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது என்பதால் அமிலம் பட்டால் நுரைத்து அரித்துப்போகும். இரண்டாவதை நிறைவேற்ற எந்த வேதியியலாலும் இயலாது.

அமிலம் விற்பவர்கள் வாங்குபவரின் விவரத்தையும் நோக்கத்தையும் கேட்டறிய வேண்டும் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது அல்லவா? காரைக்குடியில் நைட்ரிக் அமிலம் வாங்கச் சென்ற சித்தப்பா, நோக்கம் என்னும் இடத்தில் ‘பொழுதுபோக்கு’ என்று எழுதிக் கொடுக்க, கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடையாள அட்டையை மறுமுறை வாங்கிச் சரிபார்த்தாராம்.

முதலில் பலியானவை அறுந்த கொலுசுகள். அவற்றைத் துண்டு துண்டாக நறுக்கி, நீர் கலந்த நைட்ரிக் அமிலத்தில் போட்டதும் செம்பழுப்பு நிறத்தில் புகை கிளம்பியது. அது நுரையீரலைக் கெடுக்கும் நச்சுப் புகை என்பதால், கட்டுத்தறிக்கும் அப்பால் திறந்தவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்றுதான் சித்தப்பா வேலை செய்தார். தேநீர் கொண்டுவந்தவர்களைக்கூட அருகில் அண்டவிடவில்லை. வெள்ளி கரைந்தால் நிறம் இராது. கரைசல் நீலமாக மாறினால் கொலுசில் செம்பு கலந்திருக்கிறது என்று பொருள். எட்ட நின்று கண்ணாடிக் குடுவையைப் பார்த்த அப்பத்தா, “வெள்ளியைக் கொடுத்தேன், நீ சொட்டு நீலம் காய்ச்சி வைத்திருக்கிறாயேடா!” என்று அங்கலாய்த்தார்.

அந்தக் கரைசலில் செம்புக் கம்பியை இட்டால், செம்பு கரைந்து தன் இடத்தை விட்டுக்கொடுக்க, வெள்ளி சாம்பல் நிறச் சேறாக அடியில் படியும். ஒரு கிராம் செம்பு கரைந்தால் ஏறத்தாழ 3.4 கிராம் வெள்ளி வெளியே வரும் என்று சித்தப்பா விளக்கியபோது, மூன்று தலைமுறையாக வட்டிக்குக் கொடுத்துக் கொண்டுவிற்ற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட அப்பத்தாவுக்கு முதன்முறையாக இந்தக் கலையின்மீது மரியாதை பிறந்தது. சேற்றைக் கழுவி உலர்த்தி, வெண்காரம் தூவி, மூசை என்னும் உருக்குக் கிண்ணத்தில் 962 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்கி ஊற்றியதும் வந்த கட்டி பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் தராசு குறைத்துக் காட்டியது. அந்த மரியாதையும் அன்றே கரைந்தது. குறைந்ததெல்லாம் செம்புதான் என்று சித்தப்பா எத்தனை முறை சொன்னாலும், அப்பத்தாவின் பார்வை என்னவோ சித்தியின் புதிய மெட்டியின் மேலேயே இருந்தது.

தங்கத்துக்குச் சித்தப்பா போகவே இல்லை. போகவிடவில்லை என்பதே சரி. தங்கத்தை நைட்ரிக் அமிலம் தொடாது. ஆகவே, அமிலம் உள்ளே புகுந்து மற்ற உலோகங்களைக் கரைத்தெடுக்க வேண்டுமானால், ஒரு பங்கு தங்கத்துக்கு மூன்று பங்கு வெள்ளி சேர்த்து முதலில் உருக்கியாக வேண்டும். “தங்கத்தில் வெள்ளியைக் கலந்தால்தான் அது சுத்தமாகுமா?” என்று கேட்ட அப்பத்தா, பதிலுக்குக் காத்திராமல் மறுநாளே தம் திருமாங்கல்யமான கழுத்திருவை வங்கிப் பெட்டகத்தில் கொண்டுபோய் வைத்தார்.

உண்மையான வில்லங்கம் தாம்பாளத்தில்தான் வந்தது. சித்தப்பாவின் திருமணத்தில் பள்ளத்தூர் அயித்தை, அதாவது அப்பத்தாவின் நாத்தனார், கொடுத்த தாம்பாளம் அது; சீர்ச் சாமான்களைப் பரப்பிவைத்தபோது எழுதிய பட்டியலான சிட்டையில் ‘வெள்ளித் தாம்பாளம் 1’ என்று தெளிவாகவே இருக்கிறது. விளிம்பை அரத்தால் கீறி ஒரு சொட்டு அமிலம் விட்டார் சித்தப்பா. பச்சையாக நுரைத்தது. சீவல்களைக் கரைத்து உப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். வெள்ளி இருந்தால் தயிர்போல வெண்மையாகத் திரிய வேண்டியது, ஒன்றும் திரியவில்லை. ஜெர்மன் சில்வர்! செம்பு, துத்தநாகம், நிக்கல் மூன்றும் சேர்ந்த கலவை. வெள்ளி இம்மியும் கிடையாது.

அப்பத்தா குமுறப் போகிறார் என்று நாங்கள் ஆளுக்கொரு தூணோடு ஒதுங்கி நின்றோம். அவரோ வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, “அது எனக்கு அன்றைக்கே தெரியும். அதனால்தான் அவள் மகள் கல்யாணத்துக்குச் சந்தனக் கும்பாவை நானும் அதே கடையில் வாங்கிக் கொடுத்தேன்” என்றார்.

இந்த அளவில் விஷயம் அமுங்கியிருக்கும். ஆனால் சித்தப்பாவின் கைவண்ணம் பள்ளத்தூர் வரை பரவிவிட்டது. அடுத்த வாரமே அயித்தை மஞ்சள் பையோடு வந்து இறங்கினார். பையிலிருந்து வெளிப்பட்டது அதே கும்பா. உருக்கிப் பேத்திக்குக் கொலுசு செய்ய வேண்டுமாம். முகம் வெளிறிய சித்தப்பா, திராவகம் தீர்ந்துவிட்டது என்று கூறிப் பார்த்தார். “அதனாலென்ன தம்பி, கடையில் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன், நாளைக்கு வந்துவிடும், அதுவரை நான் இங்கேயே இருக்கிறேன்” என்றார் அயித்தை. நாத்தனாரை இரண்டு நாள் தங்கச் சொல்லி எப்போதும் வற்புறுத்தும் அப்பத்தா, பள்ளத்தூருக்கு நான்கு மணிக்கு ஒரு பேருந்து இருக்கிறது என்று நினைவூட்டினார்.