ஷில்லாங்கில் கேமராவைத் திருப்பிப் பிடித்தேன்

மேகாலயா என்றால் நம் ஆட்கள் மழையையும் வேர்ப் பாலங்களையும் தேடிப் போவார்கள். நான் போனது ராக் இசை கேட்க, கேட்டதைப் படமெடுக்க. மே மாதக் கடைசியில் போனதற்குக் காரணம் உண்டு. 1972 முதல் ஆண்டுதோறும் மே 24 அன்று, அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பிறந்தநாளை மேகாலயாவின் தலைநகரான ஷில்லாங்கில் பாடிக் கொண்டாடி வருகிறார் இந்த ஊர்ப் பாடகர் லூ மஜாவ். டிலனுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2016-இல்தான். அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே இந்த மலையூர் அவருக்கு விழா எடுக்கத் தொடங்கிவிட்டது.

குவாஹாத்தியிலிருந்து ஷேர் சுமோ. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர், மூன்று மணி நேரம். ஜோராபாட் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பிக்கிறது. உமியம் ஏரி கண்ணில் படும்போது காற்று மாறிவிடுகிறது. டிரைவர் வழி நெடுக எண்பதுகளின் ஹார்ட் ராக் பாடல்களைப் போட்டுக்கொண்டே வந்தார். பின் இருக்கையில் பாக்கு மென்றுகொண்டிருந்த ஓர் அம்மாள் கூடவே முணுமுணுத்தார். மெட்டை அப்படியே பாடவில்லை; அதற்குக் கீழே இன்னொரு குரலாக, மெட்டோடு இழைந்து போனார். அப்போது அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

ஊருக்குள் மஞ்சள்-கறுப்பு மாருதி ஷேர் டாக்ஸிகள்தான் எல்லாவற்றுக்கும். போலீஸ் பஜாரில் அறை எடுத்து, ஒரு சின்னக் கடையில் ஜாதோ சாப்பிட்டு (பன்றிக்கறியோடு வெந்த சோறு, மேலே எள்ளுத் துவையல் போல ஒன்று, கட்டாயம் சாப்பிடுங்கள்), லைதும்க்ரா பக்கம் நடந்தேன். கல்லூரிகளும் கஃபேக்களும் நிறைந்த பகுதி. அங்கே ஒரு கஃபேயில் அன்றிரவு நான்கு இளைஞர்களின் ப்ளூஸ்-ராக் கச்சேரி. அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த ப்ளூஸ் இசை இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை. ரூடி வாலாங்கும் டிப்ரிதி கர்பாங்கரும் 2003-இல் தொடங்கிய ‘சோல்மேட்’ குழு இங்கேதான் பிறந்தது. அமெரிக்காவின் மெம்ஃபிஸில் நடக்கும் சர்வதேச ப்ளூஸ் போட்டி வரை போய் வந்தவர்கள்.

பெரிய கச்சேரிகளில் படமெடுப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: முதல் மூன்று பாட்டு மட்டும், ஃபிளாஷ் கூடாது. கஃபேயில் யாரும் அதைச் சொல்வதில்லை. ஆனாலும் ஃபிளாஷை நான் தொடுவதே இல்லை. வாசிப்பவரின் கண்ணில் அடிக்கும் வெளிச்சம் பாட்டையே கலைத்துவிடும். நிறைய வெளிச்சத்தை உள்வாங்கும் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், ஒளியுணர்வு (ஐஎஸ்ஓ) 3200, ஷட்டர் வேகம் 1/200 நொடி. இருட்டு அறைக்கு இது போதும். உண்மையான தலைவலி எல்இடி விளக்குகள். முழு நீலம் விழுந்தால் முகத்தில் மூக்கும் கன்னமும் கரைந்து ஒரே திட்டாகிவிடும். எலக்ட்ரானிக் ஷட்டரில் (திரை அசையாமல் சென்சார் மட்டுமே படம் பிடிக்கும் முறை) எடுத்தால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி வேகத்தை 1/100-க்கு இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நீலத்துக்கு மட்டும் பொறுமைதான் மருந்து; வெள்ளையோ மஞ்சளோ கலந்து வரும் நொடிக்காகக் காத்திருக்க வேண்டும்.

டிரம்மரை யாரும் எடுப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். மேடையின் பின்னால், சிம்பல் தகடுகளுக்கு நடுவே, வெளிச்சமே எட்டாத இடத்தில் உட்கார்ந்து மொத்தப் பாட்டையும் தாங்குகிறவர் அவர். அனுமதி கேட்டு அவர் பக்கவாட்டில் போய் நின்றேன். ஷட்டரை 1/60-க்கு இறக்கினால் குச்சிகள் விசிறியாய் விரியும், முகம் அசையாமல் நிற்கும். அங்கே நிற்பவர்களுக்குக் காதடைப்பான் (இயர்ப்ளக்) கட்டாயம். சத்தம் 100 டெசிபலைத் தொட்டால் 15 நிமிடம்தான் காதுக்குப் பாதுகாப்பு என்கிறது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் கணக்கு.

நான்காவதோ ஐந்தாவதோ பாட்டில் பல்லவி வந்தபோது பாடகி மைக்கை விட்டு ஓரடி பின்னே போனார். மேசைகளில் இருந்தவர்கள் பாடத் தொடங்கினார்கள். பாடியவர்கள் கத்தவில்லை. ஒரு மேசை மெட்டைப் பிடித்தது, பக்கத்து மேசையில் பெண்குரல்கள் மேலே ஏறின, பின்னால் சுவரோரம் நின்ற ஆண்கள் அடிக்குரலில் சேர்ந்தார்கள். எந்த ஒத்திகையும் இல்லாமல் அறை முழுக்க அடுக்கடுக்காக ஒலித்தது. சுமோவில் வந்த அம்மாள் அப்போதுதான் நினைவுக்கு வந்தார்.

வேல்ஸ் நாட்டு மிஷனரி தாமஸ் ஜோன்ஸ் 1841-இல், காசி (Khasi) பழங்குடியினர் வாழும் இந்த மலைப்பகுதிக்கு வந்தார். காசி மொழியை ரோமன் எழுத்தில் எழுதவைத்தது அவர் பணி. அவர் வழியில் வந்தவர்களோடு வேல்ஸ் நாட்டுத் தோத்திரப் பாடல்களும், பல குரல்களில் சேர்ந்து பாடும் பழக்கமும் இங்கே ஊன்றிவிட்டன. ஞாயிறுதோறும் தேவாலயத்தில் சேர்ந்து பாடி வளர்ந்த குழந்தைகள்தாம் பிறகு கிதார் எடுக்கிறார்கள். 2001-இல் தொடங்கிய ஷில்லாங் சேம்பர் கொயர் என்ற சேர்ந்திசைக் குழு 2010-இல் நாடறிய தொலைக்காட்சிப் போட்டியில் வென்றபோது நாம் அதை அதிசயமாகப் பார்த்தோம். அதன் வேர் இந்த மேசைகளில் இருக்கிறது. இந்த ஊர் ராக் இசையைப் புரிந்துகொள்ள மேடையை மட்டும் பார்த்தால் பாதிதான் கிடைக்கும்.

அதனால் மேடைக்கு முதுகு காட்டி நின்றேன். கொஞ்சம் அகலமாகப் பார்க்கும் 35 எம்எம் லென்ஸ். மேடை விளக்கு இப்போது கேட்பவர்களின் முகத்தில் முன்னாலிருந்து விழுந்தது. படமெடுக்க அதைவிட நல்ல ஒளி கிடையாது. கண்ணை மூடிப் பாடும் கல்லூரிப் பெண், அவள் தோளில் கைபோட்ட தோழி, தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அடிக்குரலில் சேர்ந்துகொண்ட பரிமாறும் பையன். கச்சேரி முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் படத்தைக் காட்டி, வேண்டாம் என்றவர்களின் படத்தை அங்கேயே அழித்தேன். இருட்டில், தன்னை மறந்த நிலையில் எடுத்த முகம் அது. அவர்களுடைய சம்மதம் இல்லாமல் வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

மே 24 அன்றும் அப்படியே நின்றேன். அரைக்கால் ஜீன்ஸும் தோளில் புரளும் வெள்ளை முடியுமாக லூ மஜாவ் பாட, தாத்தாக்கள் முதல் பள்ளிப் பிள்ளைகள் வரை வரி தவறாமல் கூடவே வந்தார்கள். அவரை மேடையில் எடுத்த படங்கள் ஏராளமாக இருக்கின்றன. அவருக்கு எதிரே நின்ற மூன்று தலைமுறையை நான் எடுத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பரில் செர்ரிப்பூ விழாவை ஒட்டிப் பெரிய மேடைகள் உண்டு, அறை வாடகையும் ஏறும். என்னைக் கேட்டால் சாதாரண வாரக் கடைசி ஒன்றில் போங்கள். லைதும்க்ராவில் மாலையிலேயே சுற்றிக் கஃபேக்களில் விசாரித்து வையுங்கள். இங்கே கடைகள் சீக்கிரம் அடைத்துவிடுவார்கள், கச்சேரியும் சீக்கிரமே தொடங்கும். எடுத்த படங்களை முழு அளவிலேயே குழுவுக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். அடுத்த கச்சேரி எங்கே என்று அவர்களே சொல்வார்கள்.