எண்பதில் நின்ற வெப்பமானி

மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லி எங்கள் பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டார். விளையாட்டுப் போட்டி, சாரணர் பாசறை, விடுதிச் சாப்பாடு எல்லாவற்றையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் எங்கள் விஞ்ஞான சேரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. எழுபதுகளின் கடைசியில் அவரிடம் படித்தவர்களுக்கு ஆள் யாரென்று இரண்டாம் பந்தியிலேயே விளங்கிவிடும்.

திண்மம், திரவம், வாயு என்று சடப்பொருளின் மூன்று நிலைகளையும் புத்தகம் சில பக்கங்களில் முடித்திருந்தது. சேர் அதை விடுவதாயில்லை. இப்படியே போனால் பாடத்திட்டம் முடியாது என்று கெட்டிக்காரப் பெடியன்கள் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் அப்போது இருந்தது கொஞ்சம் கண்ணாடிச் சாமான்தான். திருகோணமலையில் மற்றதெல்லாம் இருக்கிறதே என்பார்.

முதலில் கன்னியா. மார்கழி விடியலில் வெந்நீர்க் கிணறுகளின் மேல் வெள்ளையாகப் புகைவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். இறந்தவர்களுக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்குப் போன வீட்டுக்காரர்கள்கூட அதை ஆவி என்றுதான் சொல்வார்கள். "நீராவி கண்ணுக்குத் தெரியாதடா" என்றார் சேர். வெந்நீரிலிருந்து எழும் ஆவி குளிர்ந்த காற்றில் பட்டு ஒடுங்கிச் சின்னஞ்சிறு துளிகளாகிவிடுகிறது. வெள்ளையாகத் தெரிவது அந்தத் துளிகள், அதாவது திரவம். கேத்தில் மூக்கை உற்றுப் பாருங்கள்; வாயை ஒட்டிய சின்ன இடைவெளியில் ஒன்றுமே தெரியாது, அங்கேதான் உண்மையான நீராவி இருக்கிறது. அன்று பின்னேரம் எத்தனை வீட்டுக் குசினியில் அம்மாமார் ஏசியிருப்பார்களோ!

சரி, கன்னியாத் தண்ணீர் கொதிக்கவில்லையே, வாளியில் அள்ளிக் குளிக்கிறோமே, பிறகு ஆவி எங்கிருந்து வந்தது? ஆவியாவதற்குக் கொதிக்க வேண்டியதில்லை. மேற்பரப்பில் வேகமாக ஓடும் துணிக்கைகள் எந்த வெப்பநிலையிலும் தப்பிப் போய்க்கொண்டே இருக்கும். கொதிப்பது என்பது திரவத்தின் உள்ளேயே ஆவிக் குமிழிகள் உண்டாவது. அதற்கு ஆவியின் அமுக்கம் வெளிக்காற்றின் அமுக்கத்துக்குச் சமமாக வர வேண்டும். காற்றமுக்கம் குறைந்த நுவரெலியாவில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். கடற்கரைப் பிள்ளைகளான எங்களுக்கு 100தான்.

அப்புறம் நிலாவெளி உப்பளம். கடல்நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்பு. வெயில் தண்ணீரைக் கொண்டுபோகக் கொண்டுபோக முதலில் படிவது சுண்ணாம்பு, பிறகு ஜிப்சம், அதற்கும் பிறகுதான் கறியுப்பு. காற்று அடங்கிய வேளையில் பாத்தியின் மேற்பரப்பில் முதல் பளிங்குகள் மிதக்கும். குனிந்து பார்த்தால் ஒவ்வொன்றும் தலைகீழாகக் கவிழ்த்த சின்னக் கோபுரம்போல, நடுவில் குழிந்து படிப்படியாக இருக்கும். விரலால் தொட்டவுடன் தாண்டுவிடும். உப்பு உருகுமா என்று ஒருவன் கேட்டான். "தண்ணீரில் போட்டால் கரையும். உருக்க வேண்டுமென்றால் 801 பாகை வேண்டும், உன் வீட்டு அடுப்பில் முடியாது."

இனி வெப்பமானிக் கதை. அலுமாரிக்குள் போடும் நப்தலீன் உருண்டைகளை இடித்துச் சோதனைக் குழாயில் போட்டு, நீர்க்குளியலில் உருக்கி, வெளியே எடுத்து ஆறவிட்டு, அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலை எழுத வேண்டும். ஒருவன் வாசிக்க மற்றவன் எழுதினான். தொண்ணூறிலிருந்து மளமளவென்று இறங்கி எண்பதுக்கு வந்ததும் நின்றுவிட்டது. அடுத்த வாசிப்பும் எண்பது. அதற்கடுத்ததும் எண்பது. "சேர், இது பழுதாய்ப் போச்சு" என்று பின்வாங்கிலிருந்து குரல் வந்தது. குழாய் அப்போதும் சூட்டை வெளியே விட்டுக்கொண்டுதானிருந்தது. உள்ளே திரவம் ஓரத்திலிருந்து வெள்ளையாக இறுகிக்கொண்டிருந்தது. அது முழுக்க இறுகிய பிறகுதான் இரசம் மறுபடி இறங்கத் தொடங்கியது. வரைபுத்தாளில் புள்ளிகளைச் சேர்த்தபோது நடுவில் ஒரு தட்டையான கோடு. "இந்தக் கோடுதான் பாடம், மற்றதெல்லாம் மனப்பாடம்" என்றார். துணிக்கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்போது விட்டுக்கொடுக்கும் சக்திதான் அந்த நேரத்தில் வெளியே வருகிறது. மறைவெப்பம் என்பது அதுதான்.

இந்தக் கோட்டை எங்கள் மீன்காரர்கள் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். கொழும்புக்குப் போகும் லொறியில் மீன் பெட்டிகளுக்குள் ஐஸை உடைத்துப் போடுவார்கள். வழி முழுக்கத் தண்ணீர் சொட்டும். ஆனாலும் ஐஸ் மிஞ்சியிருக்கும்வரை மீன் குளிராகவே இருக்கும். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோயூல் வேண்டும். அதே வெப்பத்தைப் பூச்சியப் பாகையிலுள்ள ஒரு கிலோ தண்ணீருக்குக் கொடுத்தால் 80 பாகைவரை ஏறிவிடும். வெறும் குளிர்ந்த தண்ணீரை ஏற்றியிருந்தால் மீன் தம்புள்ளையே தாண்டாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

பதங்கமாதலுக்கு, அதாவது திண்மம் திரவமாகாமல் நேரே வாயுவாவதற்கு, கற்பூரம். கொளுத்தாமல் திறந்து வைத்த கட்டி நாளுக்கு நாள் சிறுத்துப்போகும், ஈரமும் இருக்காது. கோணேசர் கோயில் வாசற்கடைகளில் அதை ஏன் இறுக மூடி வைக்கிறார்கள் என்பதற்கு இதுதான் காரணம். எங்களுக்கு அப்போது இது சின்ன விஷயம். கனடாவுக்கு வந்து மருந்துக் களஞ்சியத்தில் வேலை செய்தபோது உலர்பனிப் பெட்டிகளைக் கையாள வேண்டியிருந்தது. உறைந்த காபனீரொட்சைட்டு சாதாரண அமுக்கத்தில் −78 பாகையளவில் நேரே வாயுவாகிவிடும். காற்றோட்டமில்லாத அறையில் அடுக்கி வைத்தால் மூச்சு முட்டும் என்று புதிதாக வந்தவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன். கடுங்குளிர் நாட்களில் முற்றத்துப் பனி ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் மெலிவதும் இதே சங்கதிதான். உப்புத் தூவினால் பனி உருகும், ஆனால் −10ஐத் தாண்டிக் குளிர்ந்துவிட்டால் சாதா உப்பு அவ்வளவாகக் கைகொடுக்காது.

சங்கம் இந்த முறை ஆய்வுகூடத்துக்கு உதவப் போகிறது என்று கேள்விப்பட்டேன். பெரிய திரையும் புரொஜெக்டரும் வாங்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறதாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. உறையும் பொருளைத் திரையில் பார்த்த பிள்ளைக்கும், கையில் கொப்பியோடு பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளைக்கும் நிறைய வித்தியாசம். முதலில் வகுப்புக்குப் போதுமான வெப்பமானிகள் வாங்குவோம், இரசம் வேண்டாம், மதுசாரம் உள்ளவை போதும். நப்தலீன் ஆவி உடம்புக்கு நல்லதல்ல என்பதால் அதற்குப் பதில் ஸ்டியரிக் அமிலம் வாங்கலாம். அது 69 பாகையளவில் உறையும், தட்டையான கோடும் அழகாக வரும். செலவில் என் பங்கைப் பொருளாளரிடம் சொல்லிவிட்டேன்.